பானை பழுதானபோது

சமையலில் நேரும் பிழை அன்றைக்கே தெரிந்துவிடும். உப்பு மிகுந்தால் நாக்கு அறியும். அடிப்பிடித்தால் மூக்கு அறியும். நொதித்தலில் நேரும் பிழை அத்தகையதன்று. இன்று காலையில் நேர்ந்த தவறு நாளை மறுநாள் மாலையிலேதான் தன்னை வெளிக்காட்டும். அதற்குள், பானையை மூடிவைத்தவர் அதனுள் எதனை எப்போது எவ்வாறு இட்டார் என்பதையே மறந்துவிட்டிருப்பார். காரணம் ஓரிடத்திலும் காரியம் வேறோரிடத்திலும் கிடக்க, இடையிலுள்ள தொடர்பைக் கண்டுகொள்வது புதிதாகத் தொழில் பழகுவோருக்குப் பெரும்பாடாகிவிடுகின்றது. கள், பியர், வினாகிரி, அப்பத்துக்குப் புளிக்கவைக்கும் மா ஆகிய யாவற்றுக்கும் இது பொது.

மேலைநாடுகளில் வீட்டிலேயே பியர் தயாரிப்பதைப் பலர் ஒரு பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். பிரித்தானியாவில் 1963ஆம் ஆண்டு வரை அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் மத்திய அரசின் சட்டம் அதற்கு இடங்கொடுத்தது 1979ஆம் ஆண்டிலேயே. இலங்கையிலோ 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றி மதுவகைகளைத் தயாரிப்பதைக் குற்றமாக்கியுள்ளது. ஆகவே நம்மவருள் பெரும்பாலோர்க்கு மதுவத்தோடு பழகக் கிடைக்கும் வாய்ப்பு இஞ்சிப் பியர் ஒன்றே. பெயரிற் பியர் இருப்பினும் அதில் வாற்கோதுமையும் இல்லை. ஹொப்ஸ் பூவும் இல்லை. ஆயினும் மதுவம் வெல்லத்தை உண்டு அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் ஆக்குகின்ற வேலை இரண்டிலும் ஒன்றுதான். இஞ்சிப் பியரை ஓரிரு நாள்களுள் குடித்து முடிப்பதால் அற்ககோல் மிகச் சிறிதளவே சேரும் என்பதே வேறுபாடு. பழகுவோர் விடும் பிழைகளும் இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றே. அவ்வாறான சில பிழைகளை எங்கள் ஊரில், எங்கள் உறவினர் வீடொன்றில், பல ஆண்டுகளாக அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் ஏ-9 வீதியில் நாலந்தாவைக் கடந்ததும் நாவுல வரும். மலைநாடு முடிந்து வறண்ட வலயம் தொடங்கும் இடைநிலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர், மாத்தளைக் கோப்பித் தோட்டங்களை நோக்கிக் கால்நடையாக வந்த வடபாதை இவ்வழியாகவே சென்றது. வந்தவருள் வழியில் மாண்டோர் பலர். இன்று அதே வழியில் கண்டிக்கும் தம்புள்ளைக்கும் இடையே பேருந்துகள் ஓயாது ஓடுகின்றன. எலஹெர வீதி பிரியும் சந்தியில் நிற்கும் பயணிகளுக்குத் தாகம் எடுக்கும். அத்தாகத்தை நம்பியே என் பெரியம்மாவின் குடும்பம் பிழைத்தது.

பெரியப்பா காலமான பின்னர், பெரியம்மா வீட்டின் பின்கட்டில் இஞ்சிப் பியர் தயாரித்துச் சந்தியிலுள்ள மூன்று கடைகளுக்குக் கொடுத்து வந்தார். கிழமைக்கு நாற்பது ஐம்பது போத்தல்கள் போகும். மொரகஹகந்த நீர்த்தேக்க வேலைகள் நடந்த ஆண்டுகளில் அதனினும் மிகுதியாகவே போயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடந்த அத்தொழிலில் ஒரு பானைதானும் பழுதானதாக நான் கேள்விப்பட்டதில்லை. 2017ஆம் ஆண்டளவில் அவருக்குக் கண்பார்வை மங்கி, கைநடுக்கமும் தொடங்கிற்று. தொழிலை என் ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி ஏற்க வேண்டியதாயிற்று. அண்ணனின் சம்பளத்தோடு இந்த வருவாயும் சேர்ந்தாலன்றிப் பிள்ளைகள் இருவரின் படிப்புச் செலவைச் சமாளிக்க இயலாது. எனவே ஒவ்வொரு பானையும் அவ்வீட்டுக்குக் கணக்கிற்குரிய பொருளாக இருந்தது.

அளவுகள் எளியவை. பத்துப் போத்தல் தண்ணீருக்கு முக்காற் கிலோ சீனி, கால் கிலோ இஞ்சி, ஆறு தேசிக்காய், ஒரு கைப்பிடி முந்திரிகை வற்றல், ஒரு சிட்டிகை ஈஸ்ட். நூல்களில் மதுவம் என்று நாம் எழுதுவதையே வீட்டில் ஈஸ்ட் என்பர். நீரைக் கொதிக்கவைத்து, இடித்த இஞ்சியையும் சீனியையும் அதிலிட்டு, ஆறிய பின் தேசிக்காய்ச் சாற்றையும் ஈஸ்டையும் சேர்த்து, துணியால் மூடி ஓரிரவு வைத்து, வடித்துப் போத்தலில் அடைத்தல் வேண்டும். இவ்வளவையும் அண்ணி ஒரே நாளில் மனனஞ் செய்துகொண்டார். ஆனால் "எவ்வளவு ஆற வேண்டும், மாமி?" என்று கேட்டால், "ஆறினால் போதும்" என்பார் பெரியம்மா. "எப்போது வடிப்பது?" என்றால், "பதம் வந்ததும்." கேட்போருக்கு அது கஞ்சத்தனம்போலத் தோன்றும். உண்மையில் அவரிடம் அதற்கு மேற் சொற்கள் இருக்கவில்லை. அவர் கை அறிந்திருந்ததை அவர் வாய் அறிந்திருக்கவில்லை.

முதற் பானை இரண்டு நாள்களாகியும் அசையவில்லை. நுரையும் இல்லை, வாயுவும் இல்லை. மூன்றாம் நாள் ஒருவகை மந்தமான நாற்றம் எழுந்தது. பெரியம்மா கரண்டியால் எடுத்து நாக்கில் வைத்தார். பின்னர் அண்ணியின் கையைப் பிடித்து, மணிக்கட்டின் உட்புறத்தைக் காட்டி, "இதிலே ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாயா? சூடு தெரியாமல் இருக்க வேணும். வெந்த கை வேலை செய்யுமா, பிள்ளை?" என்றார். அண்ணி நீரை முற்றாக ஆறவிடாமல் ஈஸ்டை இட்டிருந்தார். மதுவம் ஓர் உயிர். இளஞ்சூடு அதற்கு இதம். ஐம்பது பாகை சதமளவையைத் தாண்டிச் செல்லச் செல்ல அது விரைவாக மடியும். அது மடிந்து கிடக்கும் இனிப்பு நீரில் காற்றில் வரும் பிற நுண்ணங்கிகள் குடியேறிவிடும். இவையெல்லாம் நாம் விரிவுரையிற் படித்தவை. எனினும் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் வழக்கத்தை, முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு பானைக்கும் செய்துவந்த பெரியம்மா, அன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஒன்றாக அது அவருக்குத் தோன்றியதேயில்லை. ஒரு பானை பழுதானபோதே அது வாயில் வந்தது.

அண்ணி அன்றே ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து அவ்வார்த்தைகளை அவ்வாறே எழுதிவைத்தார். பாடசாலையில் உயிரியல் படித்தவராகையால் அவ்வழக்கம் அவரிடம் இருந்தது.

நொதித்தலைப் பற்றி உலகம் அறிந்ததும் ஏறக்குறைய இவ்வழியாகத்தான் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். 1856ஆம் ஆண்டு பிரான்சின் லீல் நகரில் பீற்றுக் கிழங்கிலிருந்து அற்ககோல் தயாரித்த ஒருவர், தம் தொட்டிகள் சில புளித்துக் கெடுவதாக லூயி பாஸ்ரரிடம் முறையிட்டார். நல்ல தொட்டியின் துளியில் உருண்ட மதுவக் கலங்களும், கெட்ட தொட்டியின் துளியில் நீண்ட வேறு உருக்களும் பாஸ்ரரின் நுணுக்குக்காட்டியிற் தென்பட்டன. மறு ஆண்டில் இலற்றிக்கமில நொதித்தலைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது. 1876இல் பியரைப் பற்றிய பெருநூல் வந்தது. அந்நூலும் பியர் எவ்வாறு நோயுறுகின்றது என்பதையே மிகுதியும் பேசுகின்றது. 1883ஆம் ஆண்டு கொப்பன்ஹேகன் நகரின் கால்ஸ்பேர்க் ஆலையிற் பியர் கெட்டபோது, எமில் கிறிஸ்ரியன் ஹான்சன் என்பார் தனியொரு கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்க்கும் முறையைக் கண்டார். ஆலை உரிமையாளர் ஜக்கொப்சன் அம்மதுவத்தை மறைத்து வைக்காமற் பிற ஆலைகளுக்கும் வழங்கினார். தொட்டிகள் யாவும் நல்லவையாகவே இருந்திருப்பின், உள்ளே என்ன நடக்கின்றது என்று எவரும் எட்டிப்பார்த்திரார்.

அண்ணியின் அடுத்த பிழை உயிருக்கே உலை வைத்திருக்கக்கூடியது. அவர் பிறந்து வளர்ந்தது அட்டனில். அங்கு அவருடைய தாயார் நத்தாருக்கு முன்னர் இஞ்சிப் பியர் போடுவதுண்டு. போத்தலில் அடைத்து மூன்று நாள் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலுள்ள அட்டனின் மார்கழிக் குளிரில் அது பொருத்தமே. நாவுலவில், ஏப்பிரல் மாதத்தில், பகல் வெப்பநிலை சாதாரணமாகவே முப்பது பாகையைத் தொடும். மதுவம் அங்கு மூன்று நாளிற் செய்ததை இங்கு ஒரே நாளிற் செய்து முடிக்கும். புத்தாண்டு வியாபாரத்துக்கென்று அண்ணி இருபது போத்தல்களை அடைத்து மூன்றாம் நாளுக்காகக் காத்திருந்தார். இரண்டாம் நாள் நள்ளிரவில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து போத்தல்கள் வெடித்தன. கண்ணாடித் துண்டொன்று மரத்தட்டில் ஆணிபோல் இறங்கியிருந்ததை மறுநாள் நான் கண்டேன். அடுத்த அறையிற் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தனர்.

இதிலுள்ள கணக்கு எளியது. எவரும் போட்டுப் பார்க்கலாம். உண்ணப்பட்ட சீனியின் நிறையில் ஏறத்தாழப் பாதி காபனீரொட்சைட்டாக மாறும். நான்கு கிராம் சீனி ஒரு லீற்றர் அளவு வாயுவைத் தரும். பெரியம்மாவின் கணக்குப்படி ஒரு லீற்றர் நீரில் நூறு கிராம் சீனி உண்டு. மதுவம் அதனை முழுவதும் உண்டு முடிக்குமானால், ஒரு லீற்றர் இஞ்சிப் பியரிலிருந்து இருபத்தைந்து லீற்றர் வாயு எழும். கடையில் விற்கும் பியரில் லீற்றருக்கு இரண்டரை லீற்றர் அளவே உண்டு. ஆகவே மூடிய போத்தலில் உள்ள இஞ்சிப் பியர், எந்நேரமும் இடையில் நிறுத்தப்பட்ட ஒரு வேலைதான். அதனைச் சரியான வேளையில் நிறுத்துவது தொழிலின் பாதி.

மறுநாட் காலை பெரியம்மா நிலத்தில் அமர்ந்து உடைந்த துண்டுகளைத் தடவித் தடவிப் பிரித்தார். வெடித்த ஐந்தும் சாராயப் போத்தல்கள். பியர்ப் போத்தல்களிற் சில தக்கையைக் கக்கியிருந்தனவேயன்றி உடையவில்லை. சாராயத்தில் வாயு இல்லை. அதன் போத்தல் உள்ளழுத்தத்தைத் தாங்குவதற்கென்று செய்யப்படுவதுமில்லை. சுத்தமாகவும் உயரமாகவும் இருந்தமையால் அண்ணி அவற்றை வாங்கியிருந்தார். பெரியம்மா எக்காலமும் போத்தல் வியாபாரியிடம் பியர்ப் போத்தலையும் சோடாப் போத்தலையும் மட்டுமே பொறுக்கி எடுப்பார். ஏனென்று எவரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அன்று காலை அவர் ஒரு மணித்தியாலம் பேசினார். முந்திரிகை வற்றல் எதற்கு என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அதுவரை சுவைக்கென்றே எண்ணியிருந்தோம். ஒவ்வொரு போத்தலிலும் இரண்டு வற்றல்களை இட வேண்டும். முதலில் அவை அடியிற் கிடக்கும். வாயு பெருகியதும் குமிழிகள் அவற்றிற் பற்றிக்கொண்டு மேலே தூக்கும். "அது மிதந்தால் பிறகு ஒரு பொழுதும் வைக்கக் கூடாது. குடி, இல்லாவிட்டால் குளிரிலே வை." குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முன்னர் ஈர மணலிற் புதைத்து வைத்தாராம். "மூன்றாம் நாள் வைத்தால் சட்டத்துக்கும் ஆகாது, வயிற்றுக்கும் ஆகாது" என்றும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். மதுவரித் திணைக்களத்தைப் பற்றிய அச்சம் அவருக்கு எப்போதும் உண்டு. பானையைக் கண்ட அயலவர் எவரேனும் கசிப்பு என்று கேலி பேசினால் அன்று முழுவதும் மனம் வாடியிருப்பார்.

இலங்கையில் முதன்முதலாகப் பியர் தயாரித்த முயற்சி நுவரெலியாவில் நடந்ததற்கும் இவ்வெப்பநிலைக் கணக்கே காரணம் எனலாம். 1848ஆம் ஆண்டு அங்குக் குடியேறிய சாமுவேல் பேக்கர், மறு ஆண்டிலே சிறிய அளவிற் பியர் தயாரிக்கத் தொடங்கினார் என்பர். 1,800 மீற்றருக்கு மேலுள்ள அவ்வூரின் குளிர், பனிக்கட்டியும் பொறியும் இல்லாத அக்காலத்தில் மதுவத்தை அடக்கி ஆள உதவியது. பேக்கர் நொதித்தலிற் மட்டும் புதியவர் அல்லர். எல்லாவற்றிலும் புதியவராகவே வந்தார். 1855இல் வெளிவந்த அவருடைய இலங்கை நினைவு நூலில் அத்தகைய தடுமாற்றங்கள் மலிந்து கிடக்கின்றன. விதைத்த ஓட்சுப் பயிரைக் காட்டு விலங்குகள் மேய்ந்தன. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. இங்கிலாந்திலிருந்து கொணர்ந்த கால்நடைகள் மாண்டன. அவற்றை அவர் மறைக்காது, நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். நுவரெலியாவில் 1881ஆம் ஆண்டு பெரிய ஆலை எழுந்தது. 1990களின் இறுதியில் பியர் உற்பத்தி பியகமவுக்கு இறங்கி வந்ததென்றால், குளிர் இப்போது மலையிலிருந்து அல்லாமற் பொறியிலிருந்து கிடைக்கின்றது என்பதே அதன் பொருள். அண்ணிக்கு மலையும் இல்லை, அத்தகைய பொறியும் இல்லை. அவர் கொப்பியில் மாதங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மணித்தியாலங்களைக் குறித்துவைத்தார். ஏப்பிரலுக்குப் பதினான்கு, மார்கழிக்கு முப்பது.

பின்னொரு முறை பானை புளித்தது. மேலே கட்டிய துணி ஓரத்தில் நெகிழ்ந்திருந்தது. பெரியம்மா முகர்ந்த மாத்திரத்திலே, "சின்ன ஈ போயிருக்கு" என்றார். பழ ஈக்களின் காலோடு வினாகிரிப் பற்றீரியா வருகின்றது என்பதை நூல்கள் சொல்லும். ஒட்சிசன் கிடைக்குமிடத்தில் அது அற்ககோலை அசற்றிக்கமிலமாக மாற்றிவிடும். தென்னங் கள்ளிலிருந்து வினாகிரி செய்வதும் இதனாற்றான். அண்ணி அதனை வீணாக்காமல் அச்சாறு போட முயன்றார். அதுவும் ஒரு கிழமையிற் பூஞ்சணம் பிடித்தது. சிறிதளவே அற்ககோல் இருந்த இடத்தில் சிறிதளவே அமிலம் உண்டாகும். மரக்கறியைக் காக்க அது போதாது.

பழுதல்லாததைப் பழுதென்று கொள்வதும் பழகுவோரின் குறையே. ஒருமுறை போத்தல்களின் அடியில் வெண்ணிற வண்டல் படிந்திருப்பதைக் கண்டு அண்ணி பன்னிரண்டு போத்தல்களையும் வாய்க்காலிற் கொட்டிவிட்டார். அது வேலை முடித்துப் படிந்த மதுவமேயன்றி வேறொன்றன்று. பெரியம்மா சினந்து நான் கண்டது அந்த ஒரு முறைதான். போத்தல் வெடித்தபோதுகூட அவர் சினக்கவில்லை. "நல்லதைக் கொட்டினாயே" என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொப்பியின் பக்கங்கள் இவ்வாறு நிறைந்தன. அதனைப் புரட்டுவோர் ஒரு வியப்பைக் காண்பர். நன்றாக அமைந்த பானைகளுக்குத் திகதியும் போத்தல்களின் எண்ணிக்கையும் மட்டுமே உண்டு. பழுதான பானைகளுக்கு ஒரு பக்கம், சில வேளைகளில் இரண்டு பக்கம். பெரியம்மாவின் வாய்மொழி முழுவதும் அப்பக்கங்களிலேதான் கிடக்கின்றது. 2021ஆம் ஆண்டு அவர் காலமானார். மரணச் சடங்குகள் முடிந்து சில நாள்களின் பின் அண்ணி என்னிடம் கூறிய ஒரு வார்த்தையை நான் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு: "இன்னும் கொஞ்சம் பழுதாக்கியிருக்கலாம், தம்பி. எனக்குப் பழகிவிட்டது, அதனாலே மாமி பேசாமலே போய்விட்டார்." கடைசி ஒன்றரை ஆண்டில் ஒரு பானையும் கெடவில்லை. கொப்பியில் அக்காலத்துக்குரியவை திகதிகள் மட்டுமே.

அடுத்த ஆண்டு நாட்டின் நிலை யாவரும் அறிந்தது. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். சீனி விலை ஏறிற்று. பேருந்துகள் குறைந்தன, சந்தியில் நிற்போரும் குறைந்தனர். அத்தகைய வேளையில் பானையில் முன்பு கண்டிராத ஒரு பழுது தோன்றியது. இஞ்சிப் பியர் நொதித்தது, வாயுவும் இருந்தது, புளிப்பும் இல்லை. ஆனால் ஊற்றும்போது நூல்போல இழுபட்டது, முட்டையின் வெண்கருவைப் போல. வாயில் வைத்தால் வழுக்கிற்று. கடைக்காரர் இருவர் போத்தல்களைத் திருப்பி அனுப்பிவிட்டனர். கொப்பியில் அதற்கு விடை இல்லை. கேட்பதற்குப் பெரியம்மாவும் இல்லை.

அண்ணி ஒரு போத்தலைப் பேருந்து நடத்துநர் ஒருவர் மூலம் பேராதனைக்கு அனுப்பிவைத்தார். நுணுக்குக்காட்டியின் கீழ் மதுவக் கலங்களுக்கிடையே மாலைபோற் கோத்த நுண்ணிய உருண்டைகள் தெரிந்தன. சீனியைக் கொண்டு தம்மைச் சுற்றிப் பசைபோன்ற உறையொன்றை ஆக்கும் பற்றீரியாக்கள் சில உண்டு. பியர் ஆலைகளும் சீனி ஆலைகளும் அவற்றால் நீண்டகாலம் தொல்லைப்பட்டுள்ளன. இதனைப் பற்றித் தேடிச் சென்றபோது, எதிர்பாராத ஒருவரை நான் சந்திக்க நேர்ந்தது.

ஹரி மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலாளர் 1880ஆம் ஆண்டு, தமது இருபத்தாறாம் வயதில், இலங்கை அரசினால் இங்கு அழைக்கப்பட்டார். 1869இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட கோப்பி இலைத்துரு நோய் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. அவர் பேராதனைத் தாவரவியற் பூங்காவைச் சார்ந்து இரண்டாண்டு ஆராய்ந்தார். அந்நோய் ஒரு பங்கசினால் வருவதையும், வித்திகள் காற்றிற் பரவுவதையும், ஒரே பயிரை மலை முழுவதும் நட்டமையே அழிவுக்கு வழிவிட்டதையும் தெளிவாக எடுத்துரைத்தார். தோட்டத்துரைமார் எதிர்பார்த்த மருந்தை அவராற் கொடுக்க இயலவில்லை. 1882இல் அவர் திரும்பிச் சென்றார். மாத்தளை முதலிய இடங்களின் கோப்பி அழிந்தது. எங்கள் முன்னோர் நடந்து வந்தது எந்தப் பயிருக்காகவோ அந்தப் பயிரே மறைந்தது. பத்தாண்டுகளின் பின், 1892ஆம் ஆண்டு, அதே வார்ட், இலண்டன் வேத்தியற் கழகத்தின் ஏட்டில் நீண்டதோர் ஆய்வை வெளியிட்டார். அது இங்கிலாந்துக் குடிசைகளில் இஞ்சிப் பியர் தயாரிக்கப் பயன்பட்ட, 'இஞ்சிப் பியர்ச் செடி' என வழங்கிய பசைக்கட்டியைப் பற்றியது! அது செடியன்று, ஒரு மதுவமும் ஒரு பற்றீரியாவும் சேர்ந்து வாழும் கூட்டு என்று அவர் காட்டினார். கட்டியில் ஒண்டியிருந்த பல்வேறு நுண்ணங்கிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, இன்றியமையாத இரண்டையும் மீண்டும் ஒன்றுசேர்த்து, கட்டியைத் தாமே மறுபடி உருவாக்கிக் காட்டினார். அப்பற்றீரியா ஒரு பசையுறையை ஆக்குவது. அதனைப் பிற்காலத்தார் இலக்ரோபசிலசு இனத்திற் சேர்த்தனர்.

அங்கு வேண்டப்பட்ட பசை இங்கு வேண்டாததாயிற்று என்னும் வேடிக்கையை நான் தொலைபேசியில் அண்ணிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையோடு கேட்டார். பின், "பெயர் இருக்கட்டும், தம்பி. அது எங்கேயிருந்து வருகிறது?" என்றார்.

அக்கேள்விக்குரிய விடையை அவரே தேடினார். தேடிய முறையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். பெரியம்மா இருந்தவரை பழுதுக்குக் காரணம் சொல்ல ஒருவர் இருந்தார். இப்போது பழுது மட்டுமே இருந்தது. அண்ணி ஒரு பெரும் பானைக்குப் பதிலாக நான்கு சிறு சட்டிகளை வைத்தார். ஒன்றில் புதிய ஈஸ்ட்; ஒன்றில் வேறொரு கடையில் வாங்கிய சீனி; ஒன்றில் மரக்கரண்டிக்குப் பதிலாக எவர்சில்வர் கரண்டி; ஒன்றைத் துணியால் வடிக்காமற் கம்பி வடியில் வடித்தார். ஏனையவை எல்லாவற்றிலும் ஒன்றே. நான்காவது சட்டி மட்டும் இழுபடவில்லை. உறுதி செய்துகொள்ளும்பொருட்டு அடுத்த கிழமையும் அவ்வாறே செய்து பார்த்தார். அம்முறைக்கு நம் துறையில் ஒரு பெயர் உண்டு. ஆய்வேடுகளில் அதனை விளக்கப் பல பக்கங்கள் செலவிடுவர். அவர் பின்கட்டிற் செய்ததை அவருடைய மூத்த மகள் அருகில் நின்று கொப்பியிற் கோடிட்டு அட்டவணையாக்கினாள்.

வடிதுணியே குற்றவாளி. எரிவாயு கிடைத்த காலத்தில், பானைக்கு நீர் கொதித்து இறக்கியதும் அதே அடுப்பில் துணியைப் போட்டு அவிப்பது வழக்கம். சிலிண்டர் கிடைக்காத நாள்களில், நீரை மட்டும் விறகில் கொதிக்கவைத்துவிட்டு, துணியைச் சவர்க்காரத்திற் கழுவி நிழலிற் காயவிட்டார். மழையில் விறகும் நனைந்திருந்தது. கண்ணுக்கு வெள்ளையாக இருந்த துணியின் இழைகளுக்குள் பசை தங்கி, ஒவ்வொரு பானைக்கும் விதையாயிற்று. "மாமி துணியை அவிக்கிறதை ஒவ்வொரு கிழமையும் பார்த்தேன். மஞ்சள் கறை போகத்தான் என்று நினைத்திருந்தேன்" என்றார் அண்ணி. பெரியம்மாவும் ஒருவேளை கறைக்காகத்தான் அவித்தாரோ, அல்லது நாங்கள் பிறக்கு முன்னர் அவருடைய பானையும் ஒரு நாள் இழுபட்டதோ, கேட்டறிய வழியில்லை.

பழைய துணியை அடுப்பிலிட்டு எரித்தனர். புதிய துணி வாங்கி, கால் மணித்தியாலத்துக்குக் குறையாமற் கொதிக்கவைத்து, வெயிலில் உலர்த்தினர். அதற்கென்று காய்ந்த விறகுக் கட்டொன்றைத் தாழ்வாரத்தில் தனியே வைத்து, வேறெதற்கும் அதனைத் தொடக் கூடாதென்று பிள்ளைகளுக்குக் கட்டளையிட்டார் அண்ணி. திருப்பி அனுப்பிய கடைக்காரருள் ஒருவர் ஒரு மாதத்தில் மீண்டும் எடுக்கத் தொடங்கினார். மற்றவர் இன்றுவரை எடுக்கவில்லை.

கடந்த விடுமுறையில் நாவுலவுக்குச் சென்றபோது அக்கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஓரங்கள் இஞ்சிச் சாற்றினால் மஞ்சளேறியிருந்தன. துணியைப் பற்றிய குறிப்பு மூன்று பக்கங்களுக்கு நீண்டு, மகளின் அட்டவணையோடு முடிந்திருந்தது. அதற்கடுத்த பக்கத்தில் அண்ணியின் கையெழுத்தில் ஒரு திகதியும், 'முப்பத்தாறு போத்தல்' என்ற சொற்களும் மட்டுமே இருந்தன.